ஆயில் குறையாத கார்

பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் மெக்கானிக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன் வாயை அடைத்தார். அதற்குள் முழங்கை வரை பெட்ரோல் வழிந்துவிட்டது.

"மாப்ளே, துணி."

டிரைவர் தோளில் கிடந்த மஞ்சள் துணியை நீட்டினான். மெக்கானிக் அவன் மனைவியின் அண்ணன். கார் நின்றிருந்த ஷெட்டுக்கு மேலேயே ஓர் அறை. அதில்தான் டிரைவரும் மனைவியும் மகளும் குடியிருந்தார்கள். காருக்குக் காவலாகவும் ஆயிற்று என்று முதலாளி கொடுத்த இடம்.

முதலாளியை எல்லோரும் தலைவர் என்றார்கள். பழங்கால வாகனப் பாதுகாப்புப் பேரவைக்கு அவர் தலைவர். பேரவையில் உறுப்பினர்களைவிடப் பதவிகள் அதிகம். அவருடைய சம்பந்தி ஒருவரே துணைத்தலைவராகவும் பொருளாளராகவும் உழைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. உள்ளே தலைவரும் சம்பந்தியும். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேர் தள்ளிவிட்டார்கள். தள்ளும்போது சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தலைவர் டிரைவரிடம் சொன்னார்: "இன்னொரு தடவை இது நின்னுச்சுன்னா, மேல் ரூம் சாவியை ஆணியில மாட்டிட்டுக் கிளம்பிடு."

நாளைக்குப் பேரவையின் கார்க் கண்காட்சி.

மெக்கானிக் எஞ்சின் பக்கவாட்டில் இருந்த இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, பெட்ரோலை மேலே ஏற்றும் பம்ப்பை வெளியே இழுத்தார். ஒரு கைப்பிடி அளவு இருந்தது. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது.

"இந்தக் கிழிசல் வழியா பெட்ரோல் எல்லாம் எஞ்சினுக்குள்ள இறங்கியிருக்கு." ஆயில் அளவுக் கம்பியை உருவி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது ஆயிலா, பெட்ரோலா? அளவுக்கு மேல ஏறி நிக்குதே. நீ பாக்கலையா?"

"தினம் பாக்கறேன் மச்சான். ஆயில் ஏறிக்கிட்டே போகுதுன்னு ஐயாகிட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சந்தோஷப்பட்டாரு."

மெக்கானிக் அவனையே பார்த்தார்.

"நிஜமாத்தான். வர்றவங்ககிட்ட எல்லாம், 'மத்தவன் வண்டி ஆயில் குடிக்கும், என் வண்டி ஆயில் சுரக்கும்'னு பெருமையாச் சொல்றாரு."

"அப்ப பால் கறந்துடலாமே" என்றார் மெக்கானிக். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த தங்கை சிரித்துவிட்டாள்.

அவள் மகளை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். மேற்குப் பார்த்த ஜன்னல். பிற்பகலில் அறைக்குள் இருக்க முடியாது. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒரு திரை மாட்டிக்கொள்ள அனுமதி கேட்டுத் தலைவரிடம் போனதற்கு, "சுவத்துல ஆணி அடிச்சா கட்டடம் என்னாகறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

புதுப் பம்ப்பு அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தது. அதை மாட்டப் போகும் நேரத்தில் தலைவர் வீட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னது இது? வெள்ளி டம்ளர் மாதிரி?"

"புதுப் பம்ப்புங்க. பழசுல சவ்வு கிழிஞ்சிருச்சு."

"தைக்க முடியாதா?"

"சட்டையா இருந்தா தைக்கலாங்க."

தலைவருக்கு அது பிடிக்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பினார். "அழைப்பிதழ்ல என்ன போட்டிருக்கேன் தெரியுமா? ஒரு திருகாணிகூட மாறாத அசல் வண்டின்னு. நடுவர் வெளியூர்லேர்ந்து வர்றார்."

"பழசையே மாட்டினா வாசல்கூடத் தாண்டாதுங்க ஐயா" என்றான் டிரைவர்.

தலைவர் காரைப் பார்த்தார். பஸ்காரர்களின் சிரிப்பு அவர் காதில் கேட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"சரி, மாட்டு. ஆனா பாத்தா பழசாத் தெரியணும். இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். அந்த அசல் பம்ப்பைத் துடைச்சு என் ரூமுக்கு அனுப்பு."

மெக்கானிக் எஞ்சினைக் கையால் சுற்றச் சொல்லி, பம்ப்பின் நாக்கு உள்ளே சிரமமில்லாமல் உட்காரும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். நட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினார். கெட்டுப்போன ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினார். பம்ப்புக்கு அடியில் விரலளவு நெம்புகோல் ஒன்று இருந்தது. "வண்டி ரொம்ப நாள் நின்னா இதைப் பத்துப் பன்னெண்டு தடவை அமுக்கு. பெட்ரோல் மேலே வந்துரும்." அமுக்கினார். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. மாடிப்படியில் குழந்தை கைதட்டியது.

கடைசியாகப் புகைக்குழாய்க் கரியையும் பழைய கிரீஸையும் குழைத்துப் புதுப் பம்ப்பு முழுக்கத் தேய்த்தார்.

"பொறந்த அன்னைக்கே கிழவனாக்கிட்டேன் மாப்ளே. போய்ட்டு வா."

கண்காட்சி மைதானம் வரை கார் எங்கும் நிற்கவில்லை. தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். அசல் என்பது ஒரு பொருள் அல்ல, அது ஒரு பண்பு என்றார். சம்பந்தி கைதட்டினார். நடுவர் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்தது தங்கள் கார் என்றதும் டிரைவர் பானெட்டைத் திறந்தான். பானெட் திறந்தால் அவன் கை தானாகவே துணிக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அவன் துடைத்த எஞ்சினில் முகம் பார்க்கலாம் என்று தலைவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். ரேடியேட்டரைத் துடைத்தான், மூடிகளைத் துடைத்தான், குனிந்து பக்கவாட்டையும் துடைத்தான். மஞ்சள் துணி கறுத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. பம்ப்பு கடையில் இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது.

"இது அசல் இல்லையே?" என்றார் நடுவர்.

அழைக்காமல் வந்து பந்தியில் உட்கார்ந்த ஆளைப் பார்ப்பதுபோலத் தலைவர் பம்ப்பைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு மாத்தின?"

டிரைவர் வாயைத் திறந்தான். தலைவரின் கை அவன் தோளில் விழுந்து அழுத்தியது. "விசுவாசமான ஆள்தான் சார். ஆனா படிப்பில்ல. அசலோட அருமை இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நடுவர் வருத்தத்துடன் தலையாட்டினார். அசல் வண்டிக்கான கேடயம் வேறொருவருக்குப் போயிற்று. தலைவரின் காருக்குச் சிறந்த பராமரிப்புக்கான கேடயம் கிடைத்தது. தலைவர் மேடையேறி வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்து காரை ஷெட்டில் விட்டதும், "சாவி" என்றார்.

டிரைவர் கார் சாவியை நீட்டினான்.

"ரூம் சாவியும்."

"வண்டி எங்கயும் நிக்கலையே ஐயா. மாத்தச் சொன்னது நீங்கதானே?"

"நின்னிருந்தா நாலு பேர் சிரிச்சிருப்பான், மறந்திருப்பான். நீ சபையில வெச்சுத் துடைச்சுக் காட்டிட்டே." கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மெக்கானிக்கின் பட்டறைக்குப் பின்னால், டயர்களை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தார்கள். "நான் தடவின கரியை நீயே துடைச்சுட்டியே மாப்ளே" என்று ஒரு தடவை சொன்னார் மெக்கானிக். தங்கை பார்த்த பார்வையில், அப்புறம் சொல்லவில்லை. டிரைவர் பட்டறையிலேயே வண்டி கழுவ ஆரம்பித்தான்.

ஒருநாள் தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த கார் கிளம்ப மாட்டேன் என்கிறதாம். டிரைவர் போவதாக இல்லை. "தண்ணி டிரம் அங்கயே கிடக்கு. அதையாவது எடுத்துக்கிட்டு வாங்க" என்று மனைவிதான் அனுப்பினாள்.

புது டிரைவர் மீசை சரியாக முளைக்காதவன். டிரைவர் குனிந்து பம்ப்புக்கு அடியில் கைவிட்டு நெம்புகோலை அமுக்கினான். விரலில் பாரம் தட்டியதும் நிறுத்தினான். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"கேட்டீங்களா சம்பந்தி? அசல் எஞ்சின்!" என்றார் தலைவர்.

"என் டிரம் ஒண்ணு மேல இருக்குங்க ஐயா."

தலைவர் புறங்கையை அசைத்தார். புது டிரைவர் சாவியோடு முன்னால் ஏறினான்.

"நீ இங்கதான் தங்கறியா தம்பி?"

"இல்லண்ணே. கீழ, வண்டிக்குப் பக்கத்துல."

அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். குழந்தை படுத்திருந்த மூலையில் ஒரு மேஜை. அதன்மேல் கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டில், பழைய பம்ப்பு இருந்தது. கிழிந்த சவ்வை மேலே தெரியும்படி வைத்திருந்தார்கள். 'அசல். தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மேற்கு ஜன்னலில் கனத்த திரை ஒன்று தொங்கியது. அதன் கம்பிக்காக இரண்டு பக்கமும் சுவரைக் குடைந்திருந்தார்கள்.

"வெயில் பட்டா ரப்பர் வெடிச்சிடுமாம்" என்றான் புது டிரைவர்.

திரையின் ஓரத்தில் விரலளவு சந்து இருந்தது. அதன் வழியாக விழுந்த வெயில் தரையில் ஊர்ந்து மேஜைக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் டிரம்மைத் தோளில் ஏற்றுவதற்குள், புது டிரைவர் ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினான்.