நாளுக்கு ஒரு வண்டி நீளம்

2002 சித்திரையிலிருந்து, பொட்டல்குடிக்கும் சாத்தூர் தார் ரோட்டுக்கும் இடையிலிருந்த மண்பாதை நாளுக்கு ஒரு மாட்டுவண்டி நீளம் வளர்ந்துவந்தது. இரண்டு கிலோமீட்டராக இருந்தது ஆடியில் இரண்டரை ஆனது, பொங்கலுக்கு மூன்றரையைத் தாண்டியது. ஊர்க்காரர்கள் முதலில் தங்கள் கால்களைச் சந்தேகப்பட்டார்கள், அப்புறம் ரோடு கேட்டு மனு கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து டேப் பிடித்து எஸ்டிமேட் போட்டார்கள். அது கையெழுத்தாகி வருவதற்குள் பாதை அரை கிலோமீட்டர் கூடியிருக்கும். அளவு ஒத்துவரவில்லை என்று ஃபைல் திரும்பிவிடும். இப்படி ஐந்து தடவை.

வள்ளித்தாய் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். ஆறரைக்குத் தார் ரோட்டில் வேன் வரும், நிற்காது. விட்டால் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான், அதில் பாதிக் கூலிகூடத் தேறாது. ஐந்தரைக்குக் கிளம்பியவள் ஐந்துக்குக் கிளம்பினாள், பிறகு நாலரைக்கு. வேன் டிரைவர் ஆண்டிச்சாமி ஒருநாள், "ஏ வள்ளித்தாயி, ஒங்க ஊரு என்ன, எங்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போகுதா?" என்றார். "ஊரு கோவிக்கலண்ணே. ரோட்டுக்குத்தான் எங்களப் பிடிக்கல" என்றாள். அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. மகள் ரோஜா சாத்தூரில் ஒன்பதாவது படித்தாள். இன்னும் மூன்று நாள் பிந்தினால் பேரை எடுத்துவிடுவதாக டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த வருஷம் மட்டும் ஊரில் நாலு பிள்ளைகள் பேர் போய்த் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்திருந்தன. ரோஜா அழவில்லை. "எம்மா, என்னையவும் தீப்பெட்டிக்கு உக்கார வச்சுருவியா? இப்பவே சொல்லிரு" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வேனுக்கு நிற்கையில் வள்ளித்தாய் கீழே பார்த்தாள். பாதை வளர்வது ஊர்ப்பக்கம் இல்லை, ரோட்டுப்பக்கம். தார் விளிம்பை ஒட்டி, சலித்த மாவு போலப் புதுமண் கிடந்தது. சர்வே கல் இல்லை, சீமைக்கருவேலம்கூட இன்னும் முளைக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் சீனிவாசகம் வந்து பார்த்தார்; அவருடைய வேலியும் உள்ளே தள்ளிப் போயிருந்தது. தன் பத்திரத்தில் இல்லாத மண் யாருடையதாக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டுப் போனார்.

வள்ளித்தாய் குடிசையைக் கொண்டுவந்து அந்த மண்ணில் போட்டாள். விடிந்தபோது அது ரோட்டிலிருந்து ஒரு வண்டி நீளம் தள்ளியிருந்தது. கம்பெனிக்கு அமாவாசை லீவு; ஆகவே அமாவாசைக்கு அமாவாசை, மூலைக்கொருத்தியாக நாலு பெண்கள் கூரையைத் தூக்கி மறுபடி ரோட்டோரம் கொண்டுவந்து வைத்தார்கள். ரோஜாவின் பேர் தப்பியது. இரண்டு வருஷத்தில் ஊரின் முப்பத்தாறு வீடுகளும் ரோட்டோரம் வந்துவிட்டன. கோயில் மட்டும் பின்னாலேயே நின்றது, சாமிக்கு வேன் பிடிக்கிற வேலை இல்லை. யாருக்கும் உட்கார்ந்து சாப்பிடத் தோன்றவில்லை. தூக்கத்திலும் கால்கள் ஆடின. குழந்தைகள் தவழாமல் நேரே நடந்தன.

2008இல் ரேஷன் கார்டு சரிபார்க்க ஓர் அலுவலர் வந்தார். வீடு எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும் என்றார்.

"இந்த மாசத்துக்கா சார், அடுத்த மாசத்துக்கா?" என்று கேட்டாள் வள்ளித்தாய்.

அவர் கொஞ்சம் யோசித்து, தார் ரோட்டோரம் என்று எழுதிக்கொண்டார். அன்று அமாவாசை. மூன்று பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து நின்றார்கள். நாலாவது மூலை ரோஜாவுடையது, அவள் ஏழே முக்கால் பஸ்ஸில் காலேஜுக்குப் போயிருந்தாள். அலுவலர் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த மூலையைப் பிடித்தார்.