தளபதியின் தலையணை

ஒத்திகைப் போரில் செத்தவனுக்கு டீ உண்டு. தோற்றவனுக்கு மலை உண்டு. அந்தப் படைமுகாமின் எழுதாத சட்டம் அது.

வருஷத்துக்கு ஒருமுறை படை இரண்டாகப் பிரியும். நீலம், சிவப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு காடு மேடெல்லாம் ஒன்றையொன்று துரத்தும். நிஜக் குண்டு கிடையாது. கையில் வெள்ளைப் பட்டை கட்டிய நடுவர் வந்து "நீ செத்துட்டே" என்றால் செத்தாயிற்று. எந்தப் பக்கம் தோற்கிறதோ, அந்தப் பக்கத்து மின்னணுப் போர்ப் பிரிவின் அதிகாரி ஒரு வருஷம் எல்லை மலையுச்சியில் ஒட்டுக்கேட்கப் போக வேண்டும். அங்கே காற்று உண்டு, ஆடு உண்டு. பேச்சுத் துணைக்கு ஒரு சமையல்காரர். அவரும் பேசமாட்டார்.

போன வருஷம் தோற்றது நீலம். மலையேறியவள் கேப்டன். ஜெயித்த சிவப்புப் பிரிவுக்கு அதிகாரி ஒரு மேஜர். அந்த மேஜர் கேப்டனின் புருஷன்.

வேலை வேறு, வீடு வேறு என்று கேப்டன் அதைக்கூட விழுங்கியிருப்பாள். ஆனால் மலையிறங்கி வந்த அன்று நாலு வயது மகள் கதவைத் திறந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா வந்திருக்கேன்டி."

"எங்கம்மா போனுக்குள்ள இருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது அந்தக் குட்டி.

கதவு மறுபடி திறந்தது. ஆனால் மகள் அவள் மடியில் தானாக வந்து உட்கார மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. இன்னொரு வருஷம் மலைக்குப் போனால் 'ஆன்ட்டி, உள்ள வாங்க' என்று நாற்காலி எடுத்துப் போடுவாள்.

இந்த வருஷப் போருக்குக் கிளம்பும் காலையில், புருஷன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே சீண்டினார்.

"குளிருக்குத் தொப்பி எடுத்து வெச்சுக்கோ. மலையில தேவைப்படும்."

"உங்க தலைக்கு அது சின்னதா இருக்குமேன்னு யோசிக்கிறேன்."

"போன வருஷம் நீ எப்படி மாட்டிக்கிட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

மறந்தால்தானே. வருஷம் முழுக்க போனில் அதையே சொல்லிச் சிரித்த மனுஷன்.

விஷயம் இதுதான். போர்க்களத்தில் ரேடியோவில் பேசுவது இருட்டில் பீடி பற்றவைப்பது மாதிரி. பேசுகிறவன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று எதிரியின் வண்டி ஒன்று இங்கிருந்து பார்க்கும், இன்னொன்று அங்கிருந்து பார்க்கும். வரைபடத்தில் இரண்டு கோடு இழுத்தால், அவை வெட்டுகிற இடத்தில் நீ உட்கார்ந்திருப்பாய். ஆகவே கெட்டிக்காரர்கள் போலித் தலைமையகம் ஒன்றை வேறெங்கோ வைத்து ஓயாமல் பேசவிடுவார்கள். எதிரி அதன் தலையில் குண்டு போட்டு ஏமாறுவான். கேப்டனும் போன வருஷம் அதைத்தான் செய்தாள்.

"உன் போலித் தலைமையகம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் வேலை பார்த்துச்சு" என்றார் மேஜர். "சிங்கம் இருக்கிற இடத்துல அந்த நேரம் எவனாவது மூச்சு விடுவானா? தூங்குற தலைமையகம்தான் நிஜம். சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

சிங்கம் என்பது நீலப் படைத் தளபதியின் பட்டப்பெயர். கர்ஜனைக்காக வைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். குறட்டைக்காக வைத்தது. சாப்பிட்டதும் அவர் சாய்வார். தலைமையகமே பூனை நடை போடும். ரேடியோக்கள் வாயை மூடும்.

இந்த முறை கேப்டன் சுதாரித்துவிட்டாள். நிஜத் தலைமையகம் பாழடைந்த செங்கல் சூளையில். அங்கே ரேடியோ பேச்சே கிடையாது, எல்லாம் கம்பி போட்ட தொலைபேசிதான். தூரத்துக் கல்குவாரியில் ஒரு பழைய லாரி, அதன் மேல் ஏகப்பட்ட ஆன்டெனா, உள்ளே அவளும் அவள் ஆட்களும். போலி பேசும், சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கும். நிஜம் போலத் தெரிய வேண்டும் என்று தளபதியின் நாற்காலி, மேஜை, குடை, கொடி என்று நாலு சாமானைக்கூட லாரியில் ஏற்றச் சொல்லியிருந்தாள். திட்டத்தைத் தளபதி படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகவே அது பத்திரமாக இருந்தது.

போர் தொடங்கி முற்பகல்வரை எல்லாம் கச்சிதம். லாரிக்குள் ரேடியோ இயக்குபவன் பொய்க் கட்டளைகளை அள்ளி விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு 'வாய்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான்.

"மேடம், உங்க வீட்டு சார் இரைச்சல் போட்டு நம்ம ரேடியோவை அமுக்க மாட்டாரா?"

"மாட்டார். ஒட்டுக்கேக்கிறவன் தன் காதையே பொத்திப்பானா?"

அப்போதுதான் அது நடந்தது. நீலத்தின் டாங்கி ஒன்று, நீலத்தின் தொலைபேசிக் கம்பி மேலேயே ஏறிப் போனது. எதிரி செய்ய வேண்டிய வேலையை நம்மவர்களே முடித்துக் கொடுத்தார்கள். சூளையில் தொலைபேசி செத்தது. அடுத்த நிமிஷம், வாயே திறக்கக்கூடாத நிஜத் தலைமையகத்திலிருந்து ஒரு குரல் ரேடியோவில் ஊரெல்லாம் கேட்க முழங்கியது.

"என் தலையணை எங்கடா?"

சிங்கம்.

லாரிக்குள் எல்லோரும் சிலையானார்கள். டிரைவர் மெல்ல, தளபதியின் நாற்காலிக்கு அடியிலிருந்து பூப்போட்ட உறையோடு ஒரு தலையணையை இழுத்தார்.

"நாலு சாமான் ஏத்தச் சொன்னீங்க மேடம். இது அஞ்சாவதா வந்திருச்சு."

அந்தத் தலையணை இல்லாமல் தளபதிக்குத் தூக்கம் வராது என்பது முகாமில் சமையல்கட்டுப் பூனைக்கும் தெரியும்.

"யார்றா எடுத்தது? தோலை உரிச்சுடுவேன்" என்றது ரேடியோ.

இந்நேரம் இரண்டு கோடுகள் சூளையின் மேல் வெட்டிக்கொண்டிருக்கும். புருஷன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். கேப்டனின் கண்ணெதிரே ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"குடுங்க மேடம், பைக்ல பறந்து போய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார் டிரைவர். "அவர் வாய் மூடும்."

"வாய் மூடித் தூங்கிடுவார்."

"அதானே வேணும்?"

கேப்டன் தலையணையைப் பார்த்தாள். தூங்குற தலைமையகம்தான் நிஜம். புருஷன் வருஷம் முழுக்கப் பாடிய பாட்டு.

தலையணையை வாங்கி, பெஞ்சின் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.

"இது எங்கேயும் போகாது. வாய், பாரக்ஸ்ல சிங்கம் மாதிரி பேசிக் காட்டுவியே, அதைப் பேசு."

"மேடம், எனக்குப் பொண்டாட்டி இருக்கா."

"எனக்கும் வீட்டுல ஒரு குட்டி இருக்கு. பேசு."

வாய் தொண்டையைச் செருமினான். பிறகு அவன் வாயிலிருந்து தளபதியே வந்தார். "எவன்டா அவன் என் குரல்ல பேசறது? தலையணை இங்கே என் கையில இருக்கு. அந்தப் போலிப் பயலைப் பிடிச்சுக் கட்டி வைங்க."

உடனே ரேடியோவில் சூளை வெடித்தது.

"நான் போலியா? நான்தான்டா தளபதி!"

"இப்படித்தான் எல்லாப் போலியும் சொல்லுவான்" என்றான் வாய். வேலை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

சாப்பாட்டு வேளை வந்தது. வாய், "வயிறு நெறைஞ்சுது, எவனும் தொந்தரவு பண்ணாதீங்க" என்றான். கொஞ்ச நேரம் மைக்கை அணைக்க மறந்தவன் போல விட்டு, இரண்டு குறட்டை மட்டும் காற்றில் அனுப்பினான். ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு விசில். அசலே தோற்கும். பிறகு லாரி அடங்கியது.

சூளையில் தலையணை இல்லாத சிங்கம் தூக்கம் வராமல் கத்திக்கொண்டே இருந்தது. சமையல்காரரைத் திட்டியது, டாங்கிக்காரனைத் திட்டியது, தன் குரலையே திட்டியது. ரேடியோவை அணைத்து வைக்கச் சொல்ல எவனுக்குத் தைரியம்?

கேப்டன் தலையணை மேல் அசையாமல் இருந்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. மேஜர் அந்தக் கத்தலை நம்பினால் அவள் மலைக்கு. இந்த மௌனத்தை நம்பினால் அவர் மலைக்கு. வெளியே ஒரு காக்கை கத்தியதற்குக்கூட டிரைவர் முறைத்தார்.

வானத்தில் உறுமல் கேட்டது. சிவப்புப் படை விமானங்கள் கல்குவாரியின் மேல் தாழப் பறந்து, சாயப் புகையைக் கொட்டிவிட்டுப் போயின. நடுவர் இருமிக்கொண்டே லாரியின் படியில் ஏறினார்.

"எல்லாரும் செத்துட்டீங்க."

"டீ குடிச்சிட்டுச் சாகலாமா சார்?" என்றான் வாய்.

பின்னாலேயே ஜீப்பில் வந்து இறங்கினார் மேஜர், தளபதியின் பிணத்தைப் பார்க்கும் ஆசையில். லாரிக்குள் எட்டிப் பார்த்தார். தளபதி இல்லை. பெண்டாட்டி இருந்தாள், பூப்போட்ட உறையின் மேல்.

"சிங்கம் எங்கே?"

"சூளையில. கேக்கலையா, கத்தறாரே."

மேஜருக்கு முகம் மெதுவாக மாறியது. "அவர் தூங்கலையா?"

"தலையணை இல்லாம எப்படிங்க தூக்கம் வரும்?"

அதற்குள் வெறும் கல்குவாரியைத் தாக்க வந்த சிவப்பு விமானங்கள் எங்கே இறங்குகின்றன என்று நீலம் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த ஓடுதளத்தையே அடித்தது. சாயங்காலத்துக்குள் நடுவர் சிவப்புக்குச் சங்கு ஊதிவிட்டார்.

மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் தளபதி எழுந்தார். அறை மூச்சை அடக்கியது. வாய் பின்வரிசையில் ஒரு தடித்த மனிதருக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

"எதிரி நான் தூங்குவேன்னு எதிர்பார்த்தான்" என்றார் தளபதி. "அதனாலதான் நான் வேணும்னே தூங்கலை. என் திட்டம் எப்படி?"

"அபாரம் சார்" என்றாள் கேப்டன்.

கூட்டம் முடிந்து அவளைத் தனியே அழைத்தார். "தலையணை எங்கேம்மா கிடைச்சுது?"

"லாரியில சார்."

"எப்போ?"

"போர் முடிஞ்சதும் சார்."

தளபதி தலையணையை வாங்கிப் பார்த்தார். உறையில் ஒருத்தர் அழுத்தி உட்கார்ந்த பள்ளம் இன்னும் இருந்தது. அதைத் தட்டிச் சரிசெய்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மேஜர் மலையேறினார். தொப்பி சின்னதாகத்தான் இருந்தது; அதையே மாட்டிக்கொண்டு போனார். கிளம்பும்போது மகள் அவர் பையை இழுத்து, "எப்போ போனுக்குள்ள போவீங்க?" என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. கேப்டன் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். மகள் அவள் வயிற்றின் மேல். ஆடுகளின் கதையை மறுபடி கேட்கத் தெம்பில்லை. மகளுக்கு ஜாடை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, அம்மா தூங்குறாங்க" என்றது குட்டி. தன் சொந்த யோசனையாக, போனில் ஒரு குறட்டையும் விட்டது. நடுவில் விசிலோடு.

மலையிலிருந்து காற்றுச் சத்தத்தோடு பதில் வந்தது.

"அப்போ முழிச்சிருக்கா" என்றார் மேஜர். "குடு போனை."