மைமுனா குளித்தது யாருக்கும் தெரியாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனை அல்ல. ஜகார்த்தாவில் மங்கராய் மேம்பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி, மழைக்கோட்டு விற்கிற சாரிபுதீனிடம் பேரம் பேசினேன். பேரம் படியவில்லை. கோட்டுக்குப் பதில் அவன் மனைவியின் கதை கிடைத்தது. முடிவைச் சொல்வதற்குள் மழை விட்டது, நானும் கிளம்பிவிட்டேன்.

2

‘ஜகார்த்தாவின் வானம் கறுத்துத் திரண்ட அந்த...’ வேண்டாம். வானத்தில் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

‘மைமுனா இரண்டு நாளாகக் குளிக்கவில்லை.’ இது இருக்கட்டும்.

எங்கள் ஊரில் காலையும் மாலையும் குளிக்காத ஆள் கிடையாது. எதிரே வருகிறவரை “குளிச்சாச்சா?” என்றுதான் விசாரிப்போம். ஆனால் விசேஷத்தை ஏற்று நடத்துகிறவரோ அதற்குச் சமைக்கிறவரோ உடம்பில் தண்ணீர் படாமல் இருந்தால் மழை வராது. (எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். என் கல்யாணத்துக்கு என் அம்மா மூன்று நாள் குளிக்கவில்லை. மழையும் வரவில்லை.)

மைமுனாவுக்கு அது முதல் கல்யாணச் சமையல். நானூறு பேர். விருந்தாளிகளுக்குப் பந்தல் உண்டு, அண்டாக்களுக்குத் தெருதான். மழை கொட்டினால், தேங்காய்ப்பாலில் சுண்டச் சுண்டக் கிளறுகிற மாட்டிறைச்சி ரெண்டாங் ரசமாகிவிடும். அப்புறம் யார் அவளைச் சமைக்கக் கூப்பிடுவார்கள்?

3

[முதல் வரைவில் சாரிபுதீனை வில்லனாக்கியிருந்தேன். ‘மனைவி தலையில் தண்ணீர் ஊற்றச் சமயம் பார்த்து...’ அடித்துவிட்டேன். அவன் மூஞ்சிக்கு அது ஒட்டவில்லை.]

“நீ இப்படியே கெடந்தா மழை வராது, என் யாவாரம் என்னாவறது? நாத்தம் வேற கொடலப் புடுங்குது.”

“புடுங்குனா வாசல்ல போய்ப் படுங்க.”

“ரெண்டு நாளா அங்கதானடி படுத்திருக்கேன்!”

4

கல்யாண நாள். விடியலிலிருந்து அடுப்படியில் வெந்தவள் நாலு மணிக்குக் கை கழுவக் குளியலறைக்குள் போனாள். நாலு மணி என்றால் குளியல். பிறந்தது முதல் பழகிய கை, தானாகக் குவளையை எடுத்துத் தலையில் ஊற்றிவிட்டது.

நான் தடுத்திருக்கலாம், எழுதுகிறவன் நான்தானே. இரண்டாவது குவளையில் அவள் முகத்தில் வந்த சுகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. மூன்றாவதில்தான் அவளுக்கே உறைத்தது.

“ஏங்க... குளிச்சுத் தொலைச்சிட்டேன்!” தலை சொட்டச் சொட்ட அழுதாள்.

சாரிபுதீன் வானத்தைப் பார்த்தான். தெற்கே கறுத்திருந்தது. மேம்பாலத்தடிக்கு ஓட வேண்டிய நேரம்.

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப நீ குளிக்கல. தலைத்துணியக் கட்டிக்கிட்டு வா.”

விற்க வைத்திருந்த அறுபது கோட்டுகளையும் தெருவுக்குத் தூக்கிவந்தான். கைக்குக் கை முடிச்சுப் போட்டு, அண்டாக்களுக்கு மேலே கூரையாகக் கட்டினான்.

“என்னடா, மாட்டுக்கறிக்குக் கோட்டு மாட்டி விடறியா?” என்று மாப்பிள்ளையின் மாமா சிரித்தார்.

“ஆமாண்ணே, அதுக்குச் சளி புடிக்கும்.”

மைமுனா கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவன்மேல் அப்படியொரு பிரியம் வந்தது.

5

மழை பெய்ததா? ‘முதல் துளி’ என்று எழுதி அடித்தேன். ‘மேகம் விலகி’ என்று எழுதி, அதையும் அடித்தேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் கறி நனையாது, அதை அவன் பார்த்துக்கொண்டான்.

ஒரே ஒரு உதவி. விருந்துக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “இன்னுமா குளிக்கல மைமுனா?” என்று கேட்பாள். நீங்களும் நானும் வாயைத் திறக்கக் கூடாது.