முன்னால் தள்ளினால் பின்னால் போகும் வண்டி

அந்த வண்டியில் கியர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு குச்சி துருத்திக்கொண்டிருந்தது. அதை முன்னால் தள்ளினால் வண்டி பின்னால் போகும். பின்னால் இழுத்தால் முன்னால் போகும். எப்படித் தள்ளினாலும், கையை எடுத்ததும் ஒன்றும் அறியாத மாதிரி நடுவுக்கு வந்து நின்றுகொள்ளும். குச்சியின் தலையில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் பார்க்கிங்.

தமிழ்ச்செல்விக்கு அதைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. அவள் ஆக்டிங் டிரைவர். கூப்பிட்டவர் வண்டியை ஓட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். அதற்கு முன் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தாள். ஒருநாள் விடியற்காலையில் பாதி வேலையில் இறங்கி வந்தவள் திரும்பிப் போகவில்லை. பகல் வெளிச்சத்தில் செய்கிற வேலை எதுவானாலும் சரி என்று இதற்கு வந்தாள். ஓட்டப் படித்தது மேலூரில், மாமாவின் பழைய ஜீப்பில். அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. அதனால் நிறுத்தியதும் முதல் கியரில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். இடது பக்கம் சாய்த்து, மேலே தள்ளு. இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். அவள் கைக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை.

ஆனையூரில் ராதாமணியம்மா வீட்டில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. மகன் விஜய்ஆனந்த் பெங்களூரில் இருக்கிறான். அம்மாவுக்கென்று பேட்டரி கார் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டு, வாசலிலேயே செல்விக்கு ஒருதரம் ஓட்டிக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். இந்த மாதம் சரியாகப் போனால் அவளையே வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

வண்டிக்கு இன்னும் பூஜை போடவில்லை. திருவாதவூர் கோயிலில்தான் போட வேண்டும் என்று ராதாமணி சொல்லிவிட்டார். காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பினார்கள். ஒத்தக்கடை தாண்டியதும் வண்டி கத்த ஆரம்பித்தது. கோடு தாண்டினால் ஒரு கத்தல், பைக் பக்கத்தில் வந்தால் ஒரு கத்தல்.

"என்னடி செல்வி இது, மாமியார் மாதிரி தொட்டதுக்கெல்லாம் குத்தம் சொல்லுது?"

"பழகிக்கிரணும்மா. நான் காதுலயே வாங்கிக்கிறதில்ல."

பெல்ட்டுக்கு அது கத்தவில்லை. கத்தாதபடி செல்வி ஏற்பாடு செய்திருந்தாள். பெல்ட்டை இழுத்து முதுகுக்குப் பின்னால் விட்டுச் செருகிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதையும் இந்த ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள்.

வாய்க்கால் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் ராதாமணிக்குச் சூடம் வாங்காதது ஞாபகம் வந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெட்டிக்கடை இருந்தது.

"நிறுத்து, நானே வாங்கிட்டு வாரேன்."

"இருங்கம்மா, லாரி வருது. நான் கையப் பிடிச்சுக் கூட்டிப் போறேன்."

ராதாமணி காத்திருக்கிற ஆளில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சாலையைக் கடக்கப் போனார். அதைக் கண்ணாடியில் பார்த்த பதற்றத்தில் செல்வி தானும் இறங்கினாள். மேட்டில் நிற்கிற வண்டி. கை தன் பாட்டுக்கு முதல் கியரைப் போட்டது. குச்சி முன்னால் போய்த் திரும்பி வந்தது. கதவைத் திறந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, சாலையில் வைத்தாள்.

வண்டி கத்தியது. அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சத்தமே இல்லாமல் வண்டி பின்னால் நகர்ந்தது. திறந்திருந்த கதவு தோளில் இடித்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. "அம்மா" என்று கூப்பிட்டாள். ராதாமணி லாரி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் வருவதைப் பார்க்கவில்லை.

பின்னால் சாலையோரத்தில் புல்லுக்கட்டு ஏற்றிய மொபட்டோடு ஒருவர் நின்றிருந்தார். திருவாதவூர்க்காரர், பெயர் விருமாண்டி. மொபட்டை விட்டுவிட்டு ஒரே எட்டில் வந்து, ராதாமணியின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். இரண்டு பேரும் ஓர மண்ணில் விழுந்தார்கள். ராதாமணி நின்ற இடத்தின்மேல் வண்டி போனது. மொபட்டைச் சாய்த்து, புல்லுக்கட்டின்மேல் ஏறித் திணறியது. அந்தத் திணறலில் செல்வி ஓடிப்போய் உள்ளே விழுந்து பிரேக்கை மிதித்தாள். திரையில் 'ஆர்' என்ற எழுத்து எரிந்துகொண்டிருந்தது. அவள் போட்டது முதல் கியர் இல்லை, ரிவர்ஸ். பொத்தானை அழுத்தினாள். ஒருதரம் போதாதென்று திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

விருமாண்டி எழுந்து வந்து ஓட்டுநர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏ பாப்பா, இப்ப நீ வெளிய நின்ன, வண்டி தன்னால வந்துச்சு. இதுல ஓட்டுறதுக்கு முனி எதுவும் சம்பளத்துக்கு வச்சிருக்கீகளா?"

செல்வி இறங்கிப் போய் ராதாமணியைத் தூக்கினாள். முழங்கை சிராய்த்து மண் ஒட்டியிருந்தது. ராதாமணி தங்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார். பிறகு தமிழில், "கை கழண்டு வந்துருச்சுன்னு நினைச்சேன். இப்படியா இழுப்பாக?" என்றார்.

"மெதுவா இழுத்திருந்தா கை நல்லா இருந்திருக்கும்மா. மத்ததுக்கு நான் பொறுப்பில்ல" என்றார் விருமாண்டி.

ராதாமணி மண்ணோடு இருந்த கையாலேயே கும்பிட்டார். விருமாண்டிக்குச் சங்கடமாகிவிட்டது. "கும்பிடுறத விடுங்க. புல்லுக்கட்டு போச்சு. மாடு அங்க கத்திக்கிட்டுக் கிடக்கும்" என்று திரும்பிக்கொண்டார்.

அப்போது ராதாமணியின் போன் அடித்தது. மகன். அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அம்மா, வண்டி பின்னாடி எதுலயோ இடிச்சிருச்சா? எனக்கு போன்ல வந்திருக்கு."

"வண்டி இடிச்சதச் சொல்லுச்சா? உங்கம்மா இடிபடப் பார்த்ததைச் சொல்லலையா?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் மாறியது. "சான்ஸே இல்லம்மா. ரிவர்ஸ்ல கிடந்தாலும் டிரைவர் பெல்ட்டைக் கழட்டிக் கதவைத் திறந்தா அதுவே பார்க்கிங்கில விழுந்துரும். வண்டிலதான் ஏதோ கோளாறு. நான் கம்பெனில சண்டை போடுறேன்."

செல்வி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பேசாமல் இருந்தால் போதும், பழி வண்டியோடு போய்விடும். வேலையும் கையை விட்டுப் போகாது. ஆனால் அடுத்த தடவையும் வண்டி அவள் சீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும், அவள் வெளியே நிற்பாள், விருமாண்டி இருக்க மாட்டார்.

"கோளாறு இல்ல சார்" என்றாள். "பெல்ட்ட முதுகுக்குப் பின்னாடி மாட்டியிருந்தேன். ஆள் உள்ளதான் இருக்குன்னு அது நினைச்சிருச்சு. கையும் பழக்கத்துல முன்னாடி தள்ளிருச்சு."

 "அம்மா, அவங்கள அனுப்பிருங்க. வேற டிரைவர் பார்க்கலாம்" என்றான்.

செல்வி சாவியை எடுத்து நீட்டினாள். ராதாமணி வாங்கவில்லை.

"எவனப் பார்ப்ப? இந்த ஊர்ல வாரவன் பூராம் ஜீப்புலயும் வேன்லயும் படிச்சவன்தான். அவனும் மேட்டப் பார்த்தா முன்னாடி தள்ளுவான். அப்ப இவர மாதிரி இன்னொரு ஆளுக்கு எங்க போறது? இவ ஒருதரம் பயந்துட்டா. இந்த வண்டிக்கு அம்புட்டுதான் படிப்பு. ஷோரூம்ல நீயே முன்ன எடுக்கிறேன்னு பின்ன எடுத்த. பின் சீட்டுல நான்தான உட்கார்ந்திருந்தேன்? வை போனை."

நீட்டிய சாவியைச் செல்வி மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.  "தேங்க்ஸ்மா" என்றாள்.

"எனக்கெதுக்கு? அவருக்குச் சொல்லு."

விருமாண்டியின் மொபட்டில் பின்சக்கரம் வளைந்து கிடந்தது. அதைப் பெட்டிக்கடை நிழலில் நிறுத்தி, சூடமும் வாங்கிக்கொண்டார்கள். "சக்கரத்த நான் மாத்திக் கொடுக்கிறேண்ணே, இன்னிக்குச் சாயங்காலமே" என்றாள் செல்வி.

"அதெல்லாம் பார்ப்போம். முதல்ல மாட்டுக்கு வழியச் சொல்லு."

"வண்டில ஏத்துங்க" என்றார் ராதாமணி. "மாட்டுக்குப் போட்டுட்டுத்தான் கோயிலு."

நசுங்கிய புல்லை அள்ளிக் கட்டி, சீட்டுப் பாலித்தீன் கூடக் கிழிக்காத புது வண்டியின் டிக்கியில் வைத்தார்கள். விருமாண்டி முன் சீட்டில் உட்கார்ந்தார். குச்சியை ஒரு மாதிரியாகப் பார்த்து, முழங்காலை அந்தப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "இதுல என் வேட்டி பட்டா எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார். ராதாமணி பின்னால் சிரித்தார். அவர் அன்றைக்குச் சிரித்தது அப்போதுதான். விருமாண்டி வீட்டு வாசலில் மாடு நின்று கத்திக்கொண்டுதான் இருந்தது. விருமாண்டி இறங்கும்போது செல்வி அவர் காலைத் தொட்டாள். அவர் திட்டினார்.

கோயில் வாசலில் குருக்கள் சந்தனத்தையும் குங்குமத்தையும் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு வைத்தார், ஸ்டீயரிங்குக்கு வைத்தார். பிறகு குனிந்து தேடினார்.

"கியர் எங்கம்மா?"

"அதெல்லாம் இல்ல சாமி. இந்தப் பொத்தானுக்கு வைங்க" என்றார் ராதாமணி. "பெருசா வைங்க. கண்ணுல அடிக்கணும்."

குருக்கள் வைத்தது அவருக்குப் போதவில்லை. தன் விரலாலேயே தட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து அப்பினார்.

தீபாராதனை முடிந்ததும், "ஓட்டுறவா ஏறி, கொஞ்சம் முன்னாடி எடுங்கோ" என்றார் குருக்கள்.

செல்வி ராதாமணியைப் பார்த்தாள். ராதாமணி கண்ணால் வண்டியைக் காட்டிவிட்டு நடந்துபோய் மதிலை ஒட்டி நின்றுகொண்டார்.

"அம்புட்டு தூரம் போகணுமாம்மா?" என்றாள் செல்வி.

"நான் நிக்கிற இடம் எனக்குத் தெரியும். நீ எடு."

செல்வி ஏறி, பெல்ட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து மாட்டினாள். குச்சியைப் பின்னால் இழுத்தாள். திரையில் எழுத்து மாறியதைப் பார்த்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி முன்னால் நகர்ந்தது.