நின்ற பிறகு வந்த இரத்தம்

லோகேஸ்வரிக்கு மாதவிலக்கு நின்று ஐந்து வருடமாகியிருந்தது. மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தேழு, பருத்த உடம்பு, இனிப்பு நீர் வியாதி, பிள்ளையில்லை. ஒரு காலையில் உள்ளாடையில் இரத்தக்கறை. வலியில்லை.

வீட்டருகே இருந்த கிளினிக்கில் சொன்னாள். "இந்த வயசுல சிலருக்கு அப்படித்தான்" என்று மாத்திரை கொடுத்தார்கள். நின்றது. மறுபடி வந்தது. மறுபடியும் மாத்திரை. யாரும் அவளைப் படுக்கவைத்துச் சோதிக்கவில்லை. கூச்சத்தில் அவளுக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. பதினான்கு மாதம் போயிற்று.

கேண்டீனில் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள், கருப்பையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள்.

"புற்றுநோய் அக்கா. நுரையீரலுக்கும் போயிருச்சு" என்றார் டாக்டர் பிரேமினி.

"கருப்பைய எடுத்துட்டா?"

"முதல்ல ரத்தம் பட்டப்பவே வந்திருந்தா எடுத்திருக்கலாம். இப்ப நாளைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "உங்கம்மா எதுல போனாங்க?"

"குடல்ல கட்டி. நாப்பத்தாறு வயசு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "குடல்லயும் கருப்பையிலயும் இந்த நோய் சில குடும்பங்கள்ல வழிவழியா வரும். கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே வரச் சொல்லுங்க."

தங்கை இராசாத்தி பாடாங் மேஹாவிலிருந்து சனிக்கிழமை வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு லோகேஸ்வரி கேட்டாள்: "ஒனக்கு எப்படிடி?"

இராசாத்தி தலைகுனிந்தாள். "ஆறு மாசமா கண்டபடி படுது. நிக்கப்போற நேரம்னு விட்டுட்டேன்."

"திங்கக்கிழமையே போ."

"ஒன்ன யாரு பாத்துக்குவா?"

"நான் போறவ லா. நீ போய்க் காட்டு."

இராசாத்திக்கும் அதே நோய்தான். ஆனால் கருப்பையைத் தாண்டியிருக்கவில்லை, சில வாரங்களில் எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்ல அவள் வந்தபோது அக்காள் வலி மருந்தின் மயக்கத்தில் கிடந்தாள். மூன்று முறை காதருகே சொன்னாள். லோகேஸ்வரி கண் திறந்தாள், யாரென்று தெரியவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை இறந்தாள்.

வயிற்றுத் தையல் இன்னும் ஆறாததால் உடலைக் குளிப்பாட்டும் பெண்களோடு இராசாத்தியால் குனிந்து நிற்க முடியவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் ரூபினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. அவளையும் சோதனைக்கு அழைத்துவரும்படி டாக்டர் சொல்லியிருந்ததை இராசாத்தி இன்னும் அவளிடம் சொல்லவில்லை.