உபயம் பூவனலிங்கம்

பூவனலிங்கம் வாங்கிக் கொடுத்த மின்விசிறிகள் பள்ளிக்கூடத்தில் சுற்றத் தொடங்கிய அன்று, வீட்டில் உட்கார்ந்திருந்த அவருக்குத் தலை சுற்றத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக் காலை மணிக்குப் பிடித்தால் மாலை மணிக்கு விடும். ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் போன நேரமும் ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். கோடை விடுமுறை முழுக்கத் தலைசுற்றல் எட்டிப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தவள் அவர் மனைவி வள்ளிமயில்தான்.

அவர் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா தொழிலை வேண்டாம் என்று சென்னைக்குப் போனவர், சரக்கு இறக்கிய லாரிகளுக்குத் திரும்பி வரும்போது லோடு பிடித்துத் தரும் செயலி ஒன்றைச் செய்தார். கயத்தாறு டீக்கடைகளில் லோடுக்காகக் காத்துக் கிடந்த டிரைவர்களெல்லாம் போனைத் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்து அதை மொத்தமாக வாங்கிக்கொண்டது. தலை நரைக்கும் முன்பே ஊர் திரும்பியவர், இனி சம்பாதிப்பதில்லை, கொடுப்பது மட்டும்தான் என்று உட்கார்ந்தார். வள்ளிமயிலின் நகைகளை அடகு வைத்துத்தான் அந்தச் செயலியே பிறந்தது. அதை அவரும் மறக்கவில்லை, அவளும் மறக்கவிடவில்லை.

இந்தக் கரிசல் பக்கம் ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் அதில் அவர் பெயரை எழுதியாக வேண்டும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வரும் இடத்தைவிட ‘உபயம்’ என்று எழுதிய இடம்தான் அதிகம். எழுதுகிறவர் பெயிண்டர் சங்கிலிப்பாண்டி. விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் சிவப்பில் பூவனலிங்கம் பெயரை எழுதியவரும் அவர்தான். பிறகு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் எழுதினார். கூட்டம் உட்காருகிற நாளெல்லாம் பூவனலிங்கத்துக்கு முதுகு ஒடிந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு விசிறியைச் சுரண்டி வேறு பெயிண்ட் அடித்தார்கள். அந்த நிமிஷமே அவருடைய இடது காது அடைத்துக்கொண்டது. அது பிறகு திறக்கவே இல்லை. பெயர் இருந்தால் வலி, பெயரை அழித்தால் ஒரு உறுப்பே போய்விடும் என்று கணவனும் மனைவியும் புரிந்துகொண்டார்கள். அதற்கப்புறம் எதிலும் பெயர் போடக் கூடாது என்று, காரணம் சொல்லாமலே, சங்கிலிப்பாண்டியிடம் பூவனலிங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் ஊர் வாங்க வேண்டுமே. பெயர் இல்லாத பொருள் என்றால், எவனோ தன் பீடையைக் கழித்து முச்சந்தியில் வைத்த பொருள் என்றுதான் இங்கே அர்த்தம். பெயரில்லாமல் அவர் வைத்த குடிநீர்த் தொட்டியில் ஆடு மாடுகூட வாய் வைக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் அவர் பிரேதம் வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஒரு அக்கினி நட்சத்திரத்தில், துபாயிலிருந்து மகன் வரும்வரை தாயின் உடல் வெயிலில் காத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தவர் அவர். பெட்டி வந்தது. பெயர் இல்லை. அடுத்த சாவிலும் பிணத்தைப் பெஞ்சில் கிடத்தி, ஐஸ் கட்டி வாங்கிச் சுற்றி அடுக்கினார்களே ஒழியப் பெட்டியைத் தொடவில்லை. அதைப் பொறுக்காத சங்கிலிப்பாண்டி, யாரையும் கேட்காமல், கூலியும் வாங்காமல், பெட்டியின் பக்கவாட்டில் ‘உபயம் பூவனலிங்கம்’ என்று பூப்போட்டு எழுதினார். நல்ல மனசுதான். நல்ல மனசு செய்கிற கெடுதலுக்கு மருந்து கிடையாது.

சித்திரை வெயிலில் சங்குச் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பூவனலிங்கத்தின் கையிலிருந்து சோறு உதிர்ந்தது. உதடு நீலம் பாரித்து, விரல் விறைத்து, பல் கிடுகிடுவென்று அடித்தது. வள்ளிமயில் வீட்டிலிருந்த கம்பளியையெல்லாம் போர்த்தினாள். பிணத்தை எடுத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டு போன பிறகுதான் உடம்பில் சூடு திரும்பியது.

“என்னைச் சுத்தி எல்லாரும் அழுதாவ, வள்ளி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு எம் மூஞ்சியவே குனிஞ்சு பாக்காவ. நான் சாவலன்னு சொல்ல வாய் வரல” என்றார்.

அந்த வருஷம் ஊரில் சாவுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் சூடு திரும்ப முன்னைவிட நேரமானது. ஒரு நாள் அது திரும்பாமலே போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாருக்காவது காய்ச்சல் என்று கேட்டாலே பயம். ஊரில் உள்ள கிழடுகளுக்கெல்லாம் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும் என்று செண்பகவல்லி அம்மனிடம் முறையிட்டாள். பிறகு நேராகச் சங்கிலிப்பாண்டியின் பட்டறைக்குப் போய், காது போனது முதல் எல்லாவற்றையும் சொல்லிப் பெயரை அழிக்கக் கேட்டாள்.

“அழிச்சிரலாம், மதினி. ஆனா விசிறிக்கே ஒரு காது போச்சு. இது பொணப்பெட்டி. இதுல எது போவும்னு யாரு கண்டா?” என்றார் அவர். தலையை நிமிர்த்தவே இல்லை.

வள்ளிமயில் பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தாள். ஒரு பெஞ்சிலாவது தன் பெயரை எழுதவில்லையே என்று அவளுக்கு முன்பெல்லாம் பொறாமையாக இருந்ததுண்டு. அது பொறாமைப்பட வேண்டிய விஷயமில்லை என்று இப்போது தெரியும். ஆனாலும் சொன்னாள்.

“அழிக்க வேண்டாம். எம் பேரையும் சேத்து எழுதுங்க. குளிர்ல பாதியாவது நான் வாங்கிக்கிடுதேன்.”

அவர் எழுத உட்கார்ந்ததும் நின்று பார்க்கத் தைரியமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த சங்கு தெற்குத் தெருவிலிருந்து வந்தது. கிணற்றுக்குள் இறங்குவதுபோல் வள்ளிமயிலுக்குக் குளிர் காலிலிருந்து ஏறியது. கண்ணாடிக்கு மேலே மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் முகம் குனிந்து, வாயைத் திறந்து அழுதது. அவள் பயத்தில் கணவரின் கையைப் பிடித்தாள். அந்தக் கை விறைக்கவில்லை. உதட்டிலும் நீலம் இல்லை. பிழைத்தோம் என்று அவள் அழுதுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பிரித்திகா.

“எம்மா, அங்கன யாரும் செத்துருக்காவளா? ஆபீஸ்ல இருக்கேன், உடம்பெல்லாம் நடுங்குது. மூக்குத்தி போட்ட ஒரு அக்கா எம் மூஞ்சிகிட்ட வந்து அழுதாவ.”

வள்ளிமயில் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாள். தன் பெயருக்குப் பக்கத்தில் ‘மற்றும் குடும்பத்தார்’ என்று இருந்தது. எல்லா உபயத்துக்கும் அப்படித்தான் முடிப்பது வழக்கம். “கை தன்னால எழுதிட்டு, மதினி” என்று சங்கிலிப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். அழிக்க வழியில்லை.

வேறு என்ன செய்வது, பழகிக்கொண்டார்கள். சாவு என்று தகவல் வந்தால் முதல் போன் பெங்களூருக்குப் போகும். பிரித்திகா ஆபீஸில் ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் இதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். மாப்பிள்ளை சிரித்தார். தாலி கட்டிய வாரமே மறுவீட்டு விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பல் கிடுகிடுக்க, “அத்தை, எனக்கும் ஒரு கம்பளி கிடைக்குமா?” என்று கேட்டார். வள்ளிமயில் எடுத்து வந்து போர்த்திவிட்டாள்.

இப்போது பிரித்திகாவுக்கு ஐந்தாம் மாதம். ஊரில் சங்கு ஊதும்போதெல்லாம் வயிற்றுக்குள் பிள்ளை சுருண்டு அசையாமல் கிடக்கிறது, பிணம் தெருவைத் தாண்டிய பிறகுதான் உதைக்கிறது என்று போனில் சொன்னாள். வள்ளிமயில் அழவில்லை. பஜாருக்குப் போய், கடைக்காரர் எடுத்துப்போட்ட கம்பளிகளில் ஆகச் சின்னதாக ஒன்றைப் பார்த்து வாங்கி வந்தாள்.