சந்தைக்கு மாறிய பட்டாசுக் கடைகள்

அந்த வருடம் தீபாவளிப் பட்டாசை பஜார் தெருவில் விற்கக் கூடாது என்று பிரதேச சபை அறிவித்ததும், முதலில் கொதித்துப் போனவர் கணேசமூர்த்திதான். இலங்கை மலையகத்தில், இறம்பொடைக்குக் கீழே உள்ள அந்தச் சின்ன டவுனில் அவர் துணிக்கடை வைத்திருந்தார். தீபாவளி வந்தால் கடைக்கு முன்னால் மேசை போட்டுப் பட்டாசும் விற்பார். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனம் இறங்கி வரும் அந்த வாரத்தில், தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

அறிவித்தலில் கையெழுத்துப் போட்டிருந்தவர் சபையின் செயலாளர் ஜெயந்தினி. யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணேசமூர்த்தி மற்ற வியாபாரிகளையும் கூட்டிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனார்.

"காலங்காலமா அங்கதானே விக்கிறோம் மேடம். இந்த வருசம் மட்டும் என்னங்க வந்திச்சு?"

"உங்கட மேசைக்குப் பக்கத்துக் கடையில கேஸ் சிலிண்டர் அடுக்கியிருக்கு. எதிர்ப்பக்கம் ஹோட்டல் அடுப்பு எரியுது. ஒரு பொறி விழுந்தா அந்த நெரிசலுக்க சனம் எங்க ஓடுறது?"

"அதுக்காக கிரவுண்ட்ல போடச் சொல்றீங்களே, கொஞ்சம் வெளிய பாருங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டு மைதானம் உழுத வயல் மாதிரிக் கிடந்தது.

"சாமானெல்லாம் ஊறிப்போனா யாருங்க வாங்குவாங்க? விக்காதீங்கன்னு நேராவே சொல்லிடுங்க."

ஜெயந்தினி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். மைதானத்தைப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லுறது சரி. மைதானம் சரிவராது, அது என்ர பிழை. ஆனா பஜாருக்கு விடமாட்டன். நாளைக்கு வாங்கோ, வேற இடம் சொல்லுறன்."

சண்டை போடத் தயாராக வந்திருந்த கணேசமூர்த்தி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். பிழையை ஒத்துக்கொண்ட அதிகாரி ஒருவரை அவர் அதுவரை கண்டதில்லை.

அன்று மத்தியானமே ஜெயந்தினி குடையைப் பிடித்துக்கொண்டு டவுன் முழுக்க நடந்தார். ஆற்றோரமாக வாரச்சந்தைக் கட்டடம் இருந்தது. சீமெந்துக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, பக்கத்தில் வீடுகள் இல்லை. எல்லாம் பொருத்தம். ஆனால் உள்ளே மரக்கறிக்காரர்கள் இருந்தார்கள்.

"எங்களுக்கும் தீவாளி வாரந்தாங்க யாவாரம்," என்றாள் கரட் விற்கும் சண்முகவடிவு. "எங்கள எங்கங்க போகச் சொல்றீங்க?"

"என்ர ஒஃபிசுக்கு வாங்கோ அக்கா."

சண்முகவடிவு அதை விளையாட்டுப் பேச்சென்று நினைத்துச் சிரித்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் சபையின் வாகனங்கள் ரோட்டோரத்தில் நின்றன. அவை வழக்கமாக நிற்கும் முற்றத்தில் மரக்கறிக்காரர்களுக்குத் தறப்பாள் கட்டியிருந்தது. அந்த வாரம் வரி கட்ட வந்தவர்கள் லீக்ஸ் கட்டுகளைத் தாண்டித்தான் செயலாளரைப் பார்க்கப் போனார்கள். செயலாளரும் அப்படித்தான் தன் அறைக்குப் போனார்.

சந்தையில் பட்டாசுக் கடைகளுக்கு நிறைய இடைவெளி விடச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மணல் வாளி. சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வாசலில் தண்ணீர் பவுசர் வண்டியோடு சபையின் சாரதி கந்தப்பன் நின்றார். "இந்தக் கெடுபிடிக்கு ஆஸ்பத்திரியே தோத்துச்சு," என்று கணேசமூர்த்தி முணுமுணுத்தார். ஆனால் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், கயிற்றுக்கு வெளியே யாரோ ஒருவர் வாங்கின வாணத்தை அங்கேயே கொளுத்திப் பார்த்தார். அது மேலே போகவில்லை. சீறிக்கொண்டு உள்ளே வந்து கணேசமூர்த்தியின் மேசையில் விழுந்தது. அடுத்த நொடி மேசை முழுக்க வெடித்தது.

"ஆத்துப் பக்கம் போகாதேங்கோ! ரோட்டுக்கு வாங்கோ!"

மேற்பார்க்க வந்திருந்த ஜெயந்தினி கத்திக்கொண்டே புகைக்குள் ஓடி, ஒரு கிழவியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். நாலு பக்கமும் திறப்பாக இருந்ததால் சனம் மளமளவென்று வெளியேறியது. கந்தப்பன் குழாயைத் திருப்பினார். பக்கத்துக் கடைக்காரர்கள் மணலை அள்ளி வீசினார்கள். ஒரு மேசை கருகியது. இரண்டாவது மேசைக்குத் தீ போகவில்லை.

கணேசமூர்த்தியின் முழங்கைக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. ஜெயந்தினி நனைந்த சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"மேடம், இதே பஜார்ல நடந்திருந்தா..." என்று துணிக்கடை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய மகளும் மருமகனும் அந்த நேரத்தில் துணிக்கடையில்தான் இருந்தார்கள்.

"கையை ஆட்டாதேங்கோ அண்ணை. வேற எங்கயும் எரியுதோ?"

டிசம்பர் கடைசியில், புதுவருடத்துக்குப் பட்டாசு விற்க ஒருவர் பஜாரில் மேசை போட்டார். சபையிலிருந்து ஆள் வருவதற்கு முன்பே கணேசமூர்த்தி துணிக்கடையிலிருந்து இறங்கி வந்து, மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் தூக்குங்க தம்பி. சந்தைக்குப் போவோம்."